மடக்கெழுத்தாணியும் பேனாக்கத்தியும்

எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் பழைய இரும்புச் சாமான் ஒன்று இருக்கிறது. மடக்கி வைத்தால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பித்தளைப் பிடி. பிடியின் ஒரு முனையில் குறுகலான கத்தி அலகு, மறு முனையில் கூரான ஆணி. இரண்டும் பிடியின் நடுப்பிளவுக்குள் எதிரெதிராக மடங்கிப் படுத்துக்கொள்ளும். தாத்தா அதை மடக்கெழுத்தாணி என்பார். அப்பாவுக்கு அது பேனாக்கத்தி. அது பென்சில் சீவியதைத்தான் அவர் பார்த்திருக்கிறார். நான் தொண்டியில் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தா. தபால் உறைகளைக் கிழிப்பதற்காகச் சில காலம் அதை என் மேஜையில் வைத்திருந்தேன். கிளைக்கு வந்த ஒருவர் பார்த்துவிட்டு, “என்ன சார், சூரிக்கத்தியெல்லாம் வச்சிருக்கீங்க” என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் ஒரே இரும்புக்கு மூன்றாவது பெயரும் கிடைத்துவிட்ட பிறகு, இந்தப் பெயர்களை யார் வைக்கிறார்கள் என்ற கேள்வி என்னை விடவில்லை. இந்தக் கட்டுரை அதன் விளைவு.

நான் சரித்திரம் படித்தவனல்ல. ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. பட்டம் வாங்கியவன், அவ்வளவுதான். ஆனால் நம் வட்டத்தில் மொழியைப் பற்றி, வடிவத்தைப் பற்றி, பிரக்ஞையைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம், எழுதுகிற கருவியைப் பற்றி அநேகமாகப் பேசுவதே இல்லை. எழுத்து ஏதோ ஆவி ரூபத்தில் தாளில் இறங்கியது போன்ற ஒரு பாவனை நம்மிடம் இருக்கிறது. தமிழில் எழுத்து நெடுங்காலம் இரும்பால் நடந்த காரியம். அந்த இரும்பின் பக்கத்திலேயே ஒரு கத்தியும் இருந்தது.

*

உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் வெளிவந்தது. அதில் தம் பிள்ளைப் பிராயத்துப் பள்ளிக்கூடங்களைச் சொல்லும் இடத்தில் எழுத்தாணியின் வகைகளையும் சொல்கிறார். குண்டெழுத்தாணி தலை கனத்தது. வாரெழுத்தாணியில் எழுதும் ஆணியோடு ஓலை வாரும் கத்தியும் உண்டு. மடக்கெழுத்தாணி, பெயர் சொல்வது போலவே, மடக்கி வைத்துக்கொள்ளக் கூடியது.

ஆணியோடு கத்தி எதற்கு? ஓலை கடையில் வாங்கும் தாளைப் போல ஆயத்தமாக வருவதில்லை. ஈர்க்கை நீக்கி, ஓரம் வாரி, ஒரே அகலமாக நறுக்கி, கயிறு கோக்கத் துளையிட வேண்டும். வேகவைத்து, உலர்த்தி, தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். பிறகு இடது கையில் ஓலையை ஏந்தி, இடது கட்டைவிரலை ஆணிக்கு முட்டுக் கொடுத்துக் கீற வேண்டும். கீறியதும் கண்ணுக்குத் தெரியாது; கரியோ மஞ்சளோ இலைச்சாறோ தடவினால்தான் கீறலுக்குள் நிறம் இறங்கி எழுத்து துலங்கும். புள்ளி வைத்தால் ஓலை பொத்துவிடுமென்று புள்ளியில்லாமலே எழுதினார்கள். அதனால் எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே உருவில் கிடந்து, வீரமாமுனிவர் (1680–1747) காலத்தில் அவற்றைப் பிரித்துக் காட்ட வேண்டியதாயிற்று. கருவி மொழியின் வடிவத்தில் தலையிட்டதற்கு இதைவிட ஸ்தூலமான உதாரணம் வேண்டுமா என்ன?

ஆக, எழுதத் தெரிந்தவனுக்கு அறுக்கவும் தெரிந்திருக்க வேண்டும். தன் எழுத்துக்குரிய பரப்பைத் தானே வெட்டிச் செய்துகொண்டவன் அவன். பனைக்குப் பஞ்சமில்லாத இராமநாதபுரம் கரையில் ஓலைக்கு அலைய வேண்டியதில்லை. பனையேறியின் இடுப்பில் பாளை அரிவாள். அதே பனையின் ஓலையில் எழுதுகிறவனின் மடியில் மடக்கெழுத்தாணி. இரண்டும் ஒரே கொல்லன் உலையில் பிறந்திருக்கலாம். ஒன்று ஏன் தொழிற்கருவி என்றும் மற்றொன்று ஏன் கல்வியின் அடையாளம் என்றும் ஆயிற்று என்பது இரும்பை மட்டும் பார்த்தால் விளங்காது.

தொண்டி மாதிரியான கரையூர்களில் இன்னொரு எழுத்து மரபும் இருந்தது. தமிழை அரபு லிபியில் எழுதுகிற அரபுத் தமிழ். கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களில் மார்க்க நூல்களும் பாடல்களும் கடிதங்களும் அதில் எழுதப்பட்டன. அதற்குக் காகிதமும் மையும் வேண்டும். நாணலைச் சீவிச் செய்த கலம் வேண்டும். நாணலின் முனை எழுத எழுத மழுங்கும். மறுபடி சீவி, நடுவில் பிளந்து, முனையைச் சாய்வாக வெட்ட வேண்டும். வெட்டின் சாய்வுதான் எழுத்தின் தடிப்பையும் மெலிவையும் தீர்மானிக்கும். இதற்கென்றே ஒரு சிறு கத்தி அரபு, பாரசீக எழுத்தர்களிடம் எப்போதும் இருந்தது. பாரசீகத்தில் அதன் பெயர் ‘கலம்தராஷ்’. கலத்தைச் சீவுவது என்று பொருள். ஓலையில் கீறுகிறவனும் காகிதத்தில் மை தொட்டு எழுதுகிறவனும் வேறு லிபிக்காரர்கள், வேறு மார்க்கத்தவர்கள். கத்தி விஷயத்தில் இருவரும் ஒரு ஜாதி.

*

பேனாக்கத்தி என்ற சொல்லுக்கு வருவோம். ‘பேனா’ போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. ஜன்னல், சாவி, அலமாரி எல்லாம் வந்த வழி. ‘பென’ என்றால் அவர்கள் பாஷையில் இறகு. லத்தீனிலிருந்து வந்த அதே வேர்தான் ஆங்கிலத்திலும் எழுதுகோலுக்குப் பெயராயிற்று. ஐரோப்பியன் வாத்து இறகின் தண்டைச் சீவி எழுதினான். அதைச் சீவ வைத்திருந்தது பேனாக்கத்தி. நாம் இன்று அந்தச் சொல்லைச் சொல்லும்போதெல்லாம், கண்ணால் பார்த்திராத ஒரு வாத்தின் இறகு நம் வாயில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1830-களில் பர்மிங்ஹாம் ஆலைகளில் எஃகு நிப்புகள் மலிவாகத் தயாராகி உலகமெங்கும் போயின. இறகு ஒழிந்தது. சீவுவதற்கு இறகு இல்லாமல் போன பிறகும் பேனாக்கத்தி ஒழியவில்லை. ஷெஃபீல்டின் கத்திப் பட்டறைகள் அதை இன்னும் மெல்லியதாக, இன்னும் அழகாக, தந்தத்திலும் முத்துச்சிப்பியிலும் ஆமையோட்டிலும் பிடி போட்டுச் செய்துகொண்டிருந்தன. வேலை போய்விட்டது, அந்தஸ்து மிஞ்சியது. கோட்டுக்கு உள்ளே அணியும் சட்டையின் சிறு பையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், துணி தொங்காத எடையில் ஒரு கத்தி. கடித உறையைப் பிரிக்க, சுருட்டின் முனையை நறுக்க, ஆப்பிளின் தோலைச் சீவ. இதுதான் கனவானின் சட்டைப்பைக் கத்தி. கனவானின் கையில் ஆயுதம் இருக்கக் கூடாது, ஆனால் கூர்மை இருக்க வேண்டும் என்ற ஒரு சமூக விதியின் சின்னம் அது. அந்த வம்சம் இன்னும் இருக்கிறது. ஸ்விட்சர்லாந்தில் கார்ல் எல்ஸனர் 1897-இல் பதிவு செய்த ராணுவ அதிகாரிகளின் கத்தி அதில் பெரிய கிளை. அந்தக் கம்பெனியின் மிகச் சிறிய கத்திகளில் ஒன்று 58 மில்லிமீட்டர் நீளம். சுமார் 21 கிராம்தான் எடை. சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு மறந்துவிடலாம்.

இந்தக் கத்தியின் அமைப்பையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாதம் அதில்தான் இருக்கிறது. பிடியின் முதுகோடு ஒரு எஃகு வில் ஓடுகிறது. அலகின் அடிக்கட்டையை அது எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும். அலகு விரிந்து நிற்பதும் மடங்கிக் கிடப்பதும் அந்த அழுத்தத்தால். இதனால்தான் தமிழில் வில்லுக்கத்தி என்றும் ஒரு பெயர். அலகில் நகம் பதிய ஒரு சிறு பள்ளம். நகத்தால் நெம்பித் திறக்க வேண்டும், ஒரு கை போதாது, நிதானம் வேண்டும். பூட்டு கிடையாது. இதை வைத்து எதையாவது ஓங்கிக் குத்தினால் அலகு மடங்கிக் குத்தியவனுடைய விரலைத்தான் வெட்டும். எங்கள் வீட்டு மடக்கெழுத்தாணியில் வில்கூட இல்லை. ரிவிட்டின் இறுக்கம் மட்டுமே அலகைப் பிடித்து நிறுத்துகிறது. அறுக்க மட்டும் தெரிந்த, குத்தத் தெரியாத கத்தி. அதன் சாதுத்தனம் அதன் மூட்டில் இருக்கிறது.

ஆனால் மூட்டைப் பார்த்து யாரும் பெயர் வைப்பதில்லை.

*

1801 ஜூன் 16-ஆம் தேதி திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் சின்ன மருதுவின் அறிக்கை சுவரில் ஒட்டப்பட்டது. அக்டோபர் 24-இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். டிசம்பர் 1-ஆம் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். பாளையங்களின் கோட்டைகள் இடிக்கப்பட வேண்டும், ஜனங்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. எழுதி ஒட்டியவர்களும் ஆயுதம் எடுத்தவர்களும் ஒரே ஆட்களாக இருந்த ஒரு வருஷம், எழுத்தையும் ஆயுதத்தையும் பிரித்து வைப்பதில் முடிந்தது. வாளும் வேலும் வளரியும் போயின. சிவகங்கை, இராமநாதபுரம் சீமைகளில் அதற்குப் பிறகு எந்த அலகையும் யாராவது ஒருவர் ‘இது ஆயுதமா, கருவியா?’ என்று பார்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

1878-இல் லிட்டன் பிரபு காலத்தில் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியன் ஆயுதம் தாங்க லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியனுக்கு விதிவிலக்கு. அதே 1878-இல், அதே லிட்டன், தேசபாஷைப் பத்திரிகைச் சட்டத்தையும் கொண்டுவந்தார். சென்னை ராஜதானியை அது தொடவில்லை என்பதால் நம் சரித்திர உணர்வில் அதற்கு இடமில்லை. ஆனால் ஒரே வருஷத்தில் கத்திக்கும் தேசபாஷைப் பேனாவுக்கும் கடிவாளம் போட்ட மனம் இரண்டையும் ஒரே கூர்மையாகக் கண்டிருக்கிறது. நாம்தான் அவற்றை வேறு வேறாகக் காணப் பழகினோம்.

இந்தச் சட்டங்களுக்கு நடுவில், கச்சேரி குமாஸ்தாவின் சட்டைப்பையில் பேனாக்கத்தி சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. யாரும் அதைக் கேள்வி கேட்கவில்லை. அலகின் நீளம் ஒரு காரணம், சரி. ‘பேனா’ என்ற முன்னொட்டு பெரிய காரணம். அந்தச் சொல்லே அந்தக் கத்திக்கு லைசென்ஸ். எழுதத் தெரிந்த வர்க்கம் தன் கையிலிருந்த இரும்புக்குத் தானே பெயர் சூட்டிக்கொண்டது. எழுதத் தெரியாதவன் மடியிலிருந்த இரும்புக்கும் அதுவே பெயர் சூட்டியது.

இதை நான் எங்கிருந்து சொல்கிறேன் என்றால், எங்கள் குடும்பத்திலிருந்து.

என் தாத்தாவின் தகப்பனார் முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் கர்ணம். தலைமுறை தலைமுறையாகக் கணக்கு எழுதிய வீடு. மடக்கெழுத்தாணி அவருக்கும் முந்திய காலத்தது. அவர் காலத்தில் காகிதமும் பென்சிலும் வந்துவிட்டன. ஆணிக்கு வேலை இல்லை, அலகு பென்சில் சீவியது. அப்போது குற்றப் பரம்பரைச் சட்டம் அமலில் இருந்தது. 1871-இல் வடக்கே தொடங்கிய சட்டம், 1911-இல் சென்னை ராஜதானிக்கும் வந்தது. 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்த கள்ளர்கள் சுடப்பட்டார்கள். இராமநாதபுரம் மாவட்டத்து மறவர்களில் ஒரு பகுதியினரும் பின்னர் அதற்குள் கொண்டுவரப்பட்டார்கள். கைரேகை பதிய வேண்டும், குறித்த நேரத்தில் ஆஜராக வேண்டும், ஊர் விட்டுப் போகச் சீட்டு வாங்க வேண்டும். கிராம அதிகாரிகள் தகவல் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள்.

தாத்தா அப்போது பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன். ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு ஓர் இளைஞனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். இடுப்பில் சொருகியிருந்த ஒரு மடக்குக்கத்தி பிடிபட்டிருந்தது. திருவிழாக் கடையில் வாங்கினது, ஆட்டுக்குக் குழை அறுக்க வைத்திருக்கிறேன் என்று அவன் சொன்னானாம். வந்திருந்தவர்கள் எழுதச் சொன்னார்கள். பூட்டனார் பென்சிலை எடுத்தார். முனை மழுங்கியிருந்தது. மடியிலிருந்து மடக்கெழுத்தாணியை எடுத்து, அலகை விரித்து, அவசரமில்லாமல் பென்சிலைச் சீவினார். சீவிய தூளை ஊதினார். பிறகு ‘சூரிக்கத்தி ஒன்று’ என்று எழுதினார்.

“ரெண்டும் ஒரே நீளந்தான்டா. நான் பக்கத்துலதான் நின்னேன்.” தாத்தா இதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அந்த இளைஞனுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. பிற்பாடு தாத்தா அந்த ஊரை விட்டுத் தொண்டிக்கு வந்து, இலங்கைச் சரக்கு கையாண்ட ஒரு மண்டியில் கணக்கு எழுதப் போனார். கர்ணம் வேலை வீட்டுக்கே வரவேண்டியது, வேண்டாமென்றார். அதற்கு அந்தச் சாயங்காலம்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். கதைக்கு அது பொருத்தமாக இருக்கும் என்பதாலேயே அதைச் சந்தேகிக்கிறேன். மடக்கெழுத்தாணியை மட்டும் கூடவே கொண்டுவந்தார்.

குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல் நீக்கப்பட்டது. பரம்பரைக் கர்ணம் பதவி தமிழ்நாட்டில் 1980 நவம்பரில் ஒழிக்கப்பட்டது. இரண்டு பரம்பரைகளும் சட்டப்படி முடிந்துவிட்டன.

*

இன்றைய சட்டம் எழுத்தளவில் நியாயமாகத்தான் இருக்கிறது. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் கீழ் 1962-இல் வந்த விதிகள், 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டிய அலகையே ஆயுதப் பட்டியலில் சேர்த்தன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்குமான கத்திகளுக்கு விலக்கும் தந்தன. அந்த அளவுப்படி எங்கள் பூட்டனாரின் கத்தியும் அந்த இளைஞனின் கத்தியும் ஆயுதமே இல்லை. ஆனால் பத்திரிகையில் மேஜைமேல் வரிசையாகப் பரப்பி வைத்த ‘பயங்கர ஆயுதங்க’ளின் புகைப்படத்தைப் பாருங்கள். அதில் இரண்டொரு கத்திகள் நம் வீட்டுச் சமையலறையிலும் இருக்கும். அங்குலத்தால் அளக்கிறது சட்டம். பெயரால் அளக்கிறது ஊர். பெயரை எழுதுகிறவர்கள் இன்னமும் நாம்தான்.

என் தொழிலிலும் பேனாக்கத்திக்கு ஒரு காலம் இருந்தது. நோட்டுக் கட்டுகளில் ஸ்டேப்ளர் பின் அடிப்பதை 2001 நவம்பரில் ரிசர்வ் வங்கி நிறுத்தச் சொன்னது. அதுவரை காசாளர் மேஜையில் பின் நெம்ப ஒரு சிறு கத்தி அவசியம் இருக்கும் என்று ஓய்வு பெற்ற காசாளர் ஒருவர் சொல்லியிருக்கிறார். நான் வேலைக்கு வந்தது அதற்குப் பின்னால். என் மேஜைக்கு ஒரு கத்தி தேவையே இல்லை. இருந்தும் மடக்கெழுத்தாணியைக் கொண்டுபோய் வைத்தேன். இலக்கியம் எழுதுகிறவன் மேஜையில் ஒரு புராதன எழுத்தாணி இருக்கட்டுமே என்ற அற்ப ஆசை. கனவானின் கத்தியைப் பற்றி மேலே எழுதினேனே, அது எனக்கும் பொருந்தும்.

ஒரு நாள் காலை, படகிலிருந்து நேரே வந்த ஒருவரைக் கிளை வாசலில் காவலாளி நிறுத்தினார். இடுப்பில் கயிறு அறுக்கும் கத்தி. வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னார். காவலாளியின் வேலை அது, அவர்மேல் குற்றமில்லை. வந்தவர் கத்தியை வாசலில் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே வந்து என் எதிரே நின்றார். பணம் கட்ட வந்திருந்தார். எழுதத் தெரியாது, சலானை நிரப்பித் தரும்படி கேட்டார். என் மேஜைமேல் மடக்கெழுத்தாணி விரிந்து கிடந்தது. நான் சலானில் அவர் பெயரை எழுதிக்கொண்டிருந்தபோது அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் திருப்பிக் கண்ணாடிக் கதவு வழியாகத் தம் கத்தி இருக்கிறதா என்று பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அதை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். “பேனாக்கத்தியை ஏன்டா கொண்டு வந்துட்ட?” என்று அப்பா கேட்டார். ஆபீஸில் அதற்கு வேலை இல்லை என்றேன். பெட்டியில் வைக்கும் முன் ஒரு சீட்டில் என்ன பொருள் என்று எழுதி நூலில் கட்டலாம் என்று உட்கார்ந்தேன். எழுத்தாணி என்று எழுதினால் பாதி பொருள்தான் அதில் இருக்கும். பேனாக்கத்தி என்று எழுதக் கை வரவில்லை. கடைசியில் ‘மடக்குக்கத்தி, ஆணியோடு’ என்று எழுதிக் கட்டினேன். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை.